எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் விபே டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 – ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். ஒரே கணினியில் பல செயல்முறைகள் ஒன்றோடொன்று மோதாமல் ஒத்துழைத்து இயங்குவதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். வரைபடம் ஒன்றில் இரு புள்ளிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் இவரது படிமுறை, இணையத் திசைவிகளில் பயன்பட்டு வருகிறது. 1972ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது. நொடிக்குப் பல இலட்சம் பொதிகளைக் கையாளும் இன்றைய வலையமைப்பு மென்பொருள்களின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள, இவர் 1965ஆம் ஆண்டு எழுதிய ஒத்துழைக்கும் செயல்முறைகள் பற்றிய கட்டுரை நல்ல தொடக்கமாக அமைகிறது.

இளமையும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை பள்ளியில் வேதியியல் கற்பித்தவர். தாய் கணிதம் பயின்றவர். டைக்ஸ்ட்ரா தம் நகரின் எராஸ்மியானும் பள்ளியில் கிரேக்கம், இலத்தீன் உள்ளிட்ட மொழிகளையும் அறிவியலையும் கற்றார். சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் சார்பாளராகப் பணியாற்ற வேண்டும் என்பது அவரது முதல் விருப்பமாக இருந்தது. கணிதத்திலும் அறிவியலிலும் அவர் பெற்ற உயர்ந்த மதிப்பெண்கள் அந்த எண்ணத்தை மாற்றின. 1948இல் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார்.

1951ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் நடத்திய நிரலாக்கப் பயிற்சியில் கலந்து கொண்டார். எட்சாக் என்னும் கணினிக்கு நிரல் எழுதக் கற்பித்த அந்தப் பயிற்சி அவரது வாழ்வின் திசையை மாற்றியது. 1952 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித மையத்தில் பகுதி நேர நிரலாளராகச் சேர்ந்தார். இயற்பியலா, நிரலாக்கமா என்னும் தயக்கம் அவருக்கு 1955 வரை நீடித்தது. நிரலாக்கம் அறிவார்ந்த துறையாக அப்போது மதிக்கப்படவில்லை என்பதே தயக்கத்துக்குக் காரணம். அதனை மதிப்புக்குரிய துறையாக மாற்றும் பொறுப்பை அவரே ஏன் ஏற்கக்கூடாது என்று மையத்தின் கணினிப் பிரிவுத் தலைவர் அட்ரியான் வான் வைங்கார்டன் கேட்டார். அந்த உரையாடலுக்குப் பின்னர் டைக்ஸ்ட்ரா முடிவெடுத்தார். 1956இல் லைடனில் பட்டப் படிப்பை முடித்தபின் முழு நேர நிரலாளரானார். 1957இல் நடந்த திருமணத்தின்போது, அப்படி ஒரு தொழில் இல்லை என்று கூறிப் பதிவு அலுவலர்கள் நிரலாளர் என்னும் சொல்லை ஏற்க மறுத்தனர். இதனால் சான்றிதழில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே பதியப்பட்டது.

குறுகிய வழிப் படிமுறை

1956இல் கணித மையத்தின் புதிய கணினியான ஆர்மாக் திறந்து வைக்கப்பட்டது. அதன் ஆற்றலைப் பொதுமக்களுக்கும் புரியும்படி காட்ட எளிய கணக்கு ஒன்று தேவைப்பட்டது. நெதர்லாந்தின் இரு நகரங்களுக்கு இடையே மிகக் குறுகிய சாலை வழியைக் கண்டறிவது என்னும் கணக்கை டைக்ஸ்ட்ரா தேர்ந்தார். 64 நகரங்கள் கொண்ட எளிமையாக்கப்பட்ட வரைபடம் இதற்குப் பயன்பட்டது. ஒரு நகரைக் குறிக்க 6 இருமக் குறிகள் போதும் என்பதால் 64 என்னும் எண் வசதியாக இருந்தது. தம் வருங்கால மனைவியுடன் ஆம்ஸ்டர்டாமில் கடைகளுக்குச் சென்று களைத்து, காப்பிக் கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றிச் சுமார் 20 நிமிடங்களில் இப்படிமுறையை அவர் மனத்திலேயே வடிவமைத்தார்.

தொடக்கப் புள்ளியிலிருந்து தொலைவு உறுதியாகத் தெரிந்த புள்ளிகளின் தொகுப்பு ஒன்றைப் படிப்படியாக வளர்ப்பதே இப்படிமுறையின் அடிப்படை. ஒவ்வொரு படியிலும் இன்னும் உறுதி செய்யப்படாத புள்ளிகளுள் மிக அண்மையில் உள்ளது தொகுப்பில் சேர்க்கப்படும். பின்னர் அதன் அண்டைப் புள்ளிகளின் தொலைவுகள் திருத்தப்படும். பாதைகளின் நீளம் எதுவும் எதிர்ம எண்ணாக இல்லாதவரை, ஒருமுறை உறுதி செய்யப்பட்ட தொலைவு பின்னர் மாறாது.

மூன்று பக்கங்களே கொண்ட இக்கட்டுரை 1959இல் வெளிவந்தது. எல்லாப் புள்ளிகளையும் மிகக் குறைந்த மொத்த நீளத்தில் இணைப்பது எப்படி என்னும் மற்றொரு கணக்கின் தீர்வும் அதில் உண்டு. எக்ஸ்1 கணினியின் பின்பலகையில் செப்புக் கம்பியின் செலவைக் குறைக்க அத்தீர்வு உதவியது. குறுகிய வழிப் படிமுறையின் அடிப்படையில் 1979இல் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழி தேர்வு முறை மாற்றி அமைக்கப்பட்டது. இன்றும் பெரிய வலையமைப்புகளில் பயன்படும் ஓ.எஸ்.பி.எஃப்., ஐ.எஸ்.-ஐ.எஸ். ஆகிய வழி தேர்வு நெறிமுறைகள் இதனையே கொண்டு இயங்குகின்றன.

குறுக்கீடும் அதன் அச்சமும்

1950களின் பிற்பகுதியில் பிராம் லோப்ஸ்ட்ரா, காரெல் ஸ்கோல்டன் ஆகியோர் எக்ஸ்1 கணினியின் வன்பொருளை வடிவமைத்தனர். அதில் குறுக்கீடு என்னும் வசதியைச் சேர்க்க அவர்கள் விரும்பினர். அச்சுப்பொறி போன்ற மெதுவான கருவி ஒன்று தன் வேலையை முடித்தவுடன் மையச் செயலிக்கு அறிவிக்கும். செயலி செய்து கொண்டிருந்த வேலையை இடையில் நிறுத்திவிட்டு அக்கருவியைக் கவனிக்கும். கருவிக்காகச் செயலி வீணே காத்திருக்கும் நேரம் இதனால் மிச்சமாகும்.

இக்கருவிகளுக்கான மென்பொருளை எழுத வேண்டிய டைக்ஸ்ட்ரா இதனைக் கண்டு அஞ்சினார். அதுவரை ஒரு நிரலை அதே தரவுடன் மீண்டும் இயக்கினால் அதே விடை வரும். பிழை இருந்தால் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். குறுக்கீடு எந்த நொடியில் வரும் என்று எவராலும் கூற முடியாது. எனவே, ஆயிரம் முறை சரியாக இயங்கிய நிரல் அடுத்த முறை தவறலாம். அந்தத் தவற்றை மீண்டும் வரவழைத்துப் பார்க்கவும் இயலாது. சோதித்துப் பார்த்துப் பிழை களையும் வழி இங்கு அடைபட்டுப் போகிறது. சில மாதங்கள் தயங்கிய பின்னரே அவர் இவ்வசதியை ஏற்றார். அதன்பின், குறுக்கீடு எப்போது வந்தாலும் நிரல் சரியாகவே இயங்கும் என்பதை ஏரணத்தின் வழி காட்டும் வகையில் அம்மென்பொருளை எழுதினார். இப்பணியே 1959இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது.

1960 ஆகஸ்டில் யாப் சோன்னவெல்டு என்பவருடன் இணைந்து ஆல்கால் 60 மொழிக்கான நிரல்மொழிமாற்றி ஒன்றை எக்ஸ்1 கணினியில் இயங்கச் செய்தார். அம்மொழிக்கு உருவான முதல் நிரல்மொழிமாற்றிகளுள் அதுவும் ஒன்று. பணி முடியும் வரை தாடி மழிப்பதில்லை என்று இருவரும் உறுதி பூண்டிருந்தனர். பணி முடிந்ததும் சோன்னவெல்டு தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா வைத்துக் கொண்டார்.

ஒத்துழைக்கும் செயல்முறைகள்

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். அங்கு 1965இல் எழுதிய ஒத்துழைக்கும் வரிசைச் செயல்முறைகள் என்னும் விரிவான கட்டுரை அவரது தலையாய பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இக்கட்டுரை எடுத்துக் கொள்ளும் சிக்கலை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். பொது நினைவகத்தில் ஓர் எண்ணி உள்ளது. அதன் மதிப்பு 10. இரு செயல்முறைகள் தனித்தனியே அதனை ஒன்று கூட்ட முயல்கின்றன. முதலாவது 10 என்று படிக்கிறது. அது 11 என்று எழுதுவதற்குள் இரண்டாவதும் 10 என்று படித்துவிடுகிறது. இரண்டும் 11 என்றே எழுதுகின்றன. வர வேண்டிய விடை 12. ஒரு கூட்டல் காணாமல் போயிற்று. பொதுத் தரவைத் தொடும் இத்தகைய பகுதியை டைக்ஸ்ட்ரா மாறுநிலைப் பகுதி என்று வகைப்படுத்தினார். ஒரு நேரத்தில் ஒரு செயல்முறை மட்டுமே அதனுள் நுழையலாம்.

இரண்டு செயல்முறைகளுக்கு நெதர்லாந்துக் கணிதவியலாளர் டெக்கர் தீர்வு கண்டிருந்தார். எத்தனை செயல்முறைகளுக்கும் பொருந்தும் தீர்வை டைக்ஸ்ட்ரா 1965 செப்டம்பரில் வெளியிட்டார். அவர் தமக்கு விதித்துக் கொண்ட நிபந்தனைகள் கடுமையானவை. செயல்முறைகளின் வேகம் பற்றி எந்த ஊகமும் செய்யக்கூடாது. மாறுநிலைப் பகுதிக்கு வெளியே ஒன்று நின்றுபோனால் மற்றவை தடைபடக்கூடாது. யார் முதலில் நுழைவது என்னும் முடிவு முடிவின்றித் தள்ளிப் போகக்கூடாது.

எனினும், இவ்வகைத் தீர்வில் காத்திருக்கும் செயல்முறை ஓயாமல் பொது மாறியைப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். செயலியின் நேரம் அதில் வீணாகிறது. இதனைத் தவிர்க்க செமாபோர் என்னும் கருவியை டைக்ஸ்ட்ரா அறிமுகப்படுத்தினார். இருப்புப்பாதையில் உள்ள கைகாட்டி மரத்தைக் குறிக்கும் சொல் இது. செமாபோர் என்பது இரண்டே வினைகளால் மாற்றத்தக்க ஒரு முழு எண். பி என்னும் வினை அதனை ஒன்று குறைக்கும். குறைக்க இயலாத நிலையில் செயல்முறை உறங்கப் போகும். வி என்னும் வினை அதனை ஒன்று கூட்டி, உறங்கும் செயல்முறை ஒன்றை எழுப்பும். இரண்டும் இடையில் துண்டிக்கப்படாதவை. இவ்வெழுத்துகள் டச்சு மொழிச் சொற்களிலிருந்து வந்தவை.

ஒரு செயல்முறை தரவை ஆக்கி அளவான இடையகம் ஒன்றில் வைக்க, மற்றொன்று அதனை எடுத்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது. இடையகம் நிரம்பினால் ஆக்குவோர் காத்திருக்க வேண்டும். வெறுமையானால் நுகர்வோர் காத்திருக்க வேண்டும். இரு செயல்முறைகள் ஒன்றன் கையிலுள்ள வளத்துக்காக மற்றொன்று என்றென்றும் காத்திருக்கும் முட்டுக்கட்டை நிலையும், அதனைத் தவிர்க்கும் வங்கியாளர் படிமுறையும் இதில் இடம்பெற்றன. வங்கியாளர் ஒருவர் எல்லா வாடிக்கையாளரின் தேவையையும் இறுதியில் நிறைவேற்ற இயலுமா என்று பார்த்தே கடன் வழங்குவதைப் போல, இயக்குதளமும் வளங்களை வழங்க வேண்டும் என்பது அதன் கருத்து. வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து ஐந்து முட்கரண்டிகளைப் பகிர்ந்து உண்ணும் ஐந்து மெய்யியலாளர்கள் பற்றிய புகழ்பெற்ற புதிரும் இவர் அக்காலத்தில் மாணவர்களுக்கு வைத்த தேர்வுக் கேள்வியில் இருந்து வளர்ந்ததே.

டி.எச்.ஈ. பல்நிரல் இயக்குதளம்

இக்கோட்பாடுகளைச் செயலில் காட்ட, டைக்ஸ்ட்ராவும் அவரது சிறு குழுவினரும் எக்ஸ்8 கணினிக்கு ஓர் இயக்குதளத்தை எழுதினர். கல்லூரியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளால் அது டி.எச்.ஈ. என வழங்கப்பட்டது. அதன் அமைப்பு அடுக்குகளால் ஆனது. செயலியைப் பங்கிடுவது அடிமட்ட அடுக்கு. அதற்கு மேல் நினைவகப் பக்கங்களை நிருவகிக்கும் அடுக்கு, இயக்குநரின் தட்டச்சுக் கருவியுடன் உரையாடும் அடுக்கு, உள்ளீட்டு வெளியீட்டு இடையகங்களைக் கவனிக்கும் அடுக்கு ஆகியன இருந்தன. பயனர் நிரல்கள் இவற்றுக்கு மேல் இயங்கின. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்குகளை மட்டுமே நம்பியிருந்தது. ஓர் அடுக்கு முழுமையாகச் சோதிக்கப்பட்ட பின்னரே அடுத்தது சேர்க்கப்பட்டது. சோதனையில் வெளிப்பட்டவை ஏறத்தாழ 500 கட்டளைகளுக்கு ஒன்று என்னும் அளவிலான சிறு எழுத்துப் பிழைகளே என்று 1968ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் தெரிவித்தார்.

பணி முடிந்தபின் குழு கலைந்தது. கணினியியலைத் தம் துறையினர் போதிய அளவு மதிக்கவில்லை என்னும் வருத்தமும் சேர்ந்து டைக்ஸ்ட்ராவை மனச்சோர்வுக்கு உள்ளாக்கியது. அதிலிருந்து மீளும் முயற்சியாக எழுதத் தொடங்கியதே கட்டமைப்பு நிரலாக்கம் பற்றிய அவரது குறிப்புகள். 1972இல் டால், ஹோர் ஆகியோருடன் இணைந்து வெளியிட்ட நூலில் அவை இடம்பெற்றன. தாவல் கட்டளையின் தீமையைக் கூறும் அவரது கடிதம் 1968 மார்ச்சில் வெளிவந்து பெரும் வாதத்தைக் கிளப்பியது. அதன் புகழ்பெற்ற தலைப்பு இதழின் பதிப்பாசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் இட்டதாகும்.

தன்னிலை மீளும் அமைப்புகள்

1973இல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராகி, நியூனன் ஊரிலிருந்த தம் வீட்டிலிருந்தே பணியாற்றினார். 1974இல் இரண்டே பக்கங்களில் தன்னிலை மீளும் அமைப்புகள் என்னும் கருத்தை வெளியிட்டார். மையக் கட்டுப்பாடு இல்லாத பல கணினிகள் எந்தக் குழப்பமான நிலையில் விடப்பட்டாலும், வெளியார் உதவியின்றிச் சில படிகளில் சரியான நிலைக்குத் தாமே திரும்பும் வகையில் அவற்றை வடிவமைக்க முடியும் என்று அதில் காட்டினார். அப்போது இதனைக் கவனித்தவர் மிகச் சிலரே. 1983இல் லெசுலி லாம்போர்ட் ஒரு மாநாட்டு உரையில் இதன் சிறப்பை எடுத்துரைத்த பின்னரே இத்துறை வளர்ந்தது.

1976இல் நிரலாக்க ஒழுங்கு பற்றிய இவரது நூல் வெளிவந்தது. 1980இல் காரெல் ஸ்கோல்டனுடன் இணைந்து, பரவலாக இயங்கும் ஒரு கணிப்பு முடிந்துவிட்டதா என்பதை அறியும் முறையை வெளியிட்டார். 1984இல் ஐக்கிய அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து 1999இல் ஓய்வு பெற்றார்.

பொதிச் செயலாக்கத்தில் இவரது கருத்துகள்

நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட்டுப் பொதிகள் இடைவிடாது வந்தால், அவற்றின் எண்ணிக்கை நொடிக்குச் சுமார் 1.488 கோடி ஆகும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி மட்டுமே. ஒவ்வொரு பொதிக்கும் குறுக்கீடு எழுப்புவதோ, செயல்முறை ஒன்றை உறங்கச் செய்து எழுப்புவதோ இந்த நேரத்துக்குள் இயலாது. ஆகவே 2010இல் இன்டெல் நிறுவனம் தொடங்கிய டி.பி.டி.கே. போன்ற மென்பொருள் தொகுதிகள், டைக்ஸ்ட்ரா தவிர்க்க விரும்பிய ஓயாத பார்வையிடலுக்கே திரும்பின. ஒரு செயலிக் கரு முழுவதும் பிணைய அட்டையைப் பார்த்துக் கொண்டிருப்பதற்கென ஒதுக்கப்படுகிறது.

வேலையைப் பல செயல்முறைகளுக்குப் பிரிப்பதும் இங்கு வழக்கம். முதன்மைச் செயல்முறை பெரிய நினைவகப் பக்கங்களை ஒதுக்கி, பொதிகளுக்கான இடையகங்களையும் வளைய வரிசைகளையும் உருவாக்குகிறது. துணைச் செயல்முறைகள் அதே நினைவகத்தை அதே முகவரிகளில் இணைத்துக் கொள்கின்றன. முகவரிகள் ஒன்றாக இருப்பதால் பொதியை நகலெடுக்கத் தேவையில்லை. அதன் முகவரியை மட்டும் வரிசையில் இட்டால் போதும். இவ்வளைய வரிசை, டைக்ஸ்ட்ரா விளக்கிய அளவான இடையகமே ஆகும். ஆக்குவோர் ஒருவரும் நுகர்வோர் ஒருவரும் மட்டும் இருந்தால் பூட்டு தேவையில்லை. ஏனெனில் வரிசையின் ஒரு முனையை ஒருவரும் மறு முனையை மற்றவரும் மட்டுமே மாற்றுகின்றனர்.

ஆக்குவோர் பலரானால் பழைய சிக்கல் மீண்டும் எழுகிறது. ஒவ்வொருவரும் ஒப்பிட்டு மாற்றும் வன்பொருள் கட்டளையால் தமக்கு இடம் பிடித்து, நிரப்பி, முன்னவர் முடித்த பின்னரே தம் முடிவை அறிவிக்க வேண்டும். இடம் பிடித்த ஒரு செயல்முறையை இயக்குதளம் பாதியில் நிறுத்தி வைத்தால், மற்றவை அது திரும்பும் வரை வெறுமனே சுழன்று கொண்டிருக்கும். வேகம் பற்றி ஊகம் செய்யக்கூடாது என்னும் டைக்ஸ்ட்ராவின் நிபந்தனை மீறப்படும் இடம் இதுவே. இத்தகைய சூழலுக்கென வேறு வகை வளைய வரிசைகள் 2020இல் அத்தொகுதியில் சேர்க்கப்பட்டன. மேலும், ஒரு துணைச் செயல்முறை திடீரென இறந்தால் அதன் கையிலிருந்த இடையகங்களைத் திருப்பித் தருவோர் இல்லை. அவை சிறிது சிறிதாகக் குறைந்து, பல மணி நேரத்துக்குப் பின் புதிய பொதிகளை ஏற்க இடமின்றி மென்பொருள் நின்று போகலாம். அப்போது பிழையின் தடயம் கிடைப்பது அரிது. எக்ஸ்1 கணினி முன் டைக்ஸ்ட்ரா கொண்ட அச்சம் இவ்வகையினதே.

எழுத்தும் இயல்பும்

டைக்ஸ்ட்ரா தம் எண்ணங்களை மை ஊற்றும் பேனாவால் தெளிவான கையெழுத்தில் எழுதி, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்; அவர்கள் மேலும் படியெடுத்துப் பரப்புவர். தம் பெயரின் முதலெழுத்துகளால் ஈ.டபிள்யூ.டி. என எண்ணிடப்பட்ட இக்குறிப்புகள் 1,300க்கும் மேற்பட்டவை. கணினியியலின் முன்னோடியான இவர் தம் வேலைக்குக் கணினியை அரிதாகவே பயன்படுத்தினார். பிற்காலத்தில் வாங்கிய கணினியும் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் இணையத்துக்குமே உதவியது. வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பியானோ வாசிப்பதிலும் மோட்சார்ட்டின் இசையிலும் ஈடுபாடு உடையவர்.

விமர்சனங்கள்

நிரலை எழுதிப் பின் சோதிப்பதைவிட, அதன் சரித்தன்மைக்கான நிறுவலையும் நிரலையும் ஒருங்கே உருவாக்க வேண்டும் என்று டைக்ஸ்ட்ரா வலியுறுத்தினார். சோதனை பிழை இருப்பதைக் காட்டுமே அன்றி, இல்லை என்பதைக் காட்டாது என்பது அவரது நிலைப்பாடு. பெரிய மென்பொருள்களுக்கு இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று பலர் மறுத்தனர். கணித நிறுவல்கள் நம்பப்படுவது அறிஞர் குழாம் அவற்றைப் படித்து விவாதிப்பதாலேயே என்றும், நிரல்களின் நிறுவல்களை அவ்வாறு எவரும் படிப்பதில்லை என்றும் டிமில்லோ, லிப்டன், பெர்லிஸ் ஆகியோர் 1979இல் வாதிட்டனர். முதலாண்டு மாணவர்கள் தம் நிரல்களைக் கணினியில் இயக்கிப் பார்க்கவே கூடாது என்று 1988இல் அவர் எழுதியதும் கடும் மறுப்புக்கு உள்ளானது. பிறர் பணிகளை அவர் சாடிய முறையும் பலரை வருத்தியது.

இறுதிக் காலம்

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட டைக்ஸ்ட்ரா 2002இன் தொடக்கத்தில் நெதர்லாந்துக்குத் திரும்பினார். தன்னிலை மீளும் அமைப்புகள் பற்றிய அவரது கட்டுரைக்கு அவ்வாண்டு, பரவல் கணிமை மாநாட்டின் செல்வாக்கு மிக்க கட்டுரைக்கான பரிசு வழங்கப்பட்டது. ஆகஸ்ட் 6ஆம் நாள் நியூனனில் தம் இல்லத்தில் காலமானார். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். மறு ஆண்டு முதல் அப்பரிசு டைக்ஸ்ட்ரா பரிசு எனப் பெயர் மாற்றப்பட்டு ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வருகிறது. அவரது கையெழுத்துக் குறிப்புகளை டெக்சாஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் எவரும் படிக்கும் வகையில் வெளியிட்டுள்ளது.